அசல் எது?

தத்துவப் பிரச்சினைகள் நூலகங்களில் பிறந்து வகுப்பறைகளில் மடிகின்றன என்று எண்ணுவோர், பதுளையிலோ பண்டாரவளையிலோ பழைய லாண்ட் ரோவர் வண்டியைப் புதுப்பிக்கும் ஒரு கராஜின் வாயிலில் சிறிது நேரம் நின்று பார்க்கலாம். ஒரு காலத்தில் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையைச் சுமந்து மலையேறிய வண்டி அங்கே துண்டு துண்டாகக் கிடக்கும். மேனி ஒரு மூலையில். இரும்புச் சட்டகம் மரக்குற்றிகளின்மேல். பழைய பெற்றோல் எஞ்சின் எண்ணெய்ச் சேற்றில். அதன் இடத்தில் அமரவிருக்கும் ஜப்பானிய டீசல் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கும். கியர் பெட்டி மாறும். பழைய டிரம் பிரேக்குகள் போய் டிஸ்க் பிரேக்குகள் வரும். இரு கைகளாலும் மல்லாடித் திருப்ப வேண்டியிருந்த ஸ்டியரிங் ஒரு விரலுக்குப் பணிவதாகிவிடும். எல்லாம் முடிந்து வண்டி வெளியே வரும்போது, முதலில் வந்ததில் எஞ்சியிருப்பவை சட்டகத்தில் பொறித்த இலக்கமும் ஒரு பதிவுப் புத்தகமும் ஒரு பெயரும் மட்டுமே என்று சொல்லத்தக்க நிலை ஏற்படுகிறது. அப்படியாயின் அது அதே வண்டிதானா?

இந்தக் கேள்வி பழையது. வீரன் தீசியஸ் ஏறிவந்த முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் பேணிவந்தனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். உளுத்த பலகையைக் கழற்றுவதும் புதுப் பலகையைப் பூட்டுவதுமாகக் காலம் போயிற்று. அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் இன்னொரு சிக்கலைச் சேர்த்தார். கழற்றி எறிந்த பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி, அதே வரிசையில் பூட்டி இரண்டாவது கப்பலைக் கட்டினால் எது அசல்? நமது கராஜ்களின் பின்முற்றத்தில் குவிந்து கிடக்கும் பழைய பாகங்களைப் பார்த்தால் இது வெறும் கற்பனையன்று என்பது விளங்கும்.

கப்பலைப் பற்றி வாதிட்டவர்கள் ஒன்றைக் கேட்கவில்லை. பலகையை மாற்றிய தச்சன் யார்? அவனுடைய வேலை கப்பலின் சரித்திரத்தில் சேருமா, சேராதா? இந்தக் கேள்வியைக் கேளாமல் ‘அசல்’ என்ற சொல்லை நாம் ஆளுவது தவறு என்பதே என் கருத்து. அதற்கு இந்த வண்டியின் கதையையே சான்றாகக் கொள்ளலாம்.

லாண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு முதன்முதலாக வந்தது 1948 ஏப்ரல் 30ஆம் நாள், ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். யுத்தத்தால் நொடிந்திருந்த பிரித்தானியாவில் அப்போது உருக்குத் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்வோருக்கே உருக்கு என்ற நிலை. ரோவர் கொம்பனி தன் கார் தொழிலைத் தூக்கி நிறுத்தும்வரை தற்காலிகமாகச் செய்துவிற்க எண்ணிய வண்டி இது. உருக்கை மிச்சப்படுத்துவதற்காக மேனியை அலுமினியக் கலப்பு உலோகத்தால் செய்தார்கள். சட்டகத்தை மட்டும் இரும்புப் பெட்டி வடிவில் ஒட்டினார்கள். அதனால் இந்த வண்டிக்கு ஒரு விசித்திரமான உடல் வாய்த்தது. மேனி துருப்பிடிக்காது, எலும்பு துருப்பிடிக்கும். ஊவாவின் மழையும் சேறும் சட்டகத்தின் உட்புறம் புகுந்து ஆண்டுக்கணக்கில் அரிக்க, வெளியே பச்சை நிறம் பளபளத்துக்கொண்டிருக்கும். ஆகவே கைதேர்ந்த தொழிலாளி நிறத்தைப் பார்ப்பதில்லை. வண்டியின் கீழே படுத்து, சிறு சுத்தியலால் சட்டகத்தைத் தட்டிக்கொண்டே போகிறான். கணீரென்ற ஓசை மந்தமாகும் இடத்தில் இரும்பு செத்துவிட்டது என்று பொருள்.

தற்காலிகமென்று எண்ணிய இந்த வகை 2016 ஜனவரி வரை பல மாற்றங்களோடு உற்பத்தியில் இருந்தது. இலங்கையில் அதன் முதிய வண்டிகள் இத்தனை நீண்ட ஆயுள் பெற்றதற்குக் காரணம் அன்பு என்று சேகரிப்போர் சொல்வர். பெருங்காரணம் அந்நியச் செலாவணி என்பேன். 1960களிலும், இறக்குமதி இறுக்கப்பட்ட 1970–77 காலத்திலும் புதிய வண்டியோ உதிரிப் பாகமோ எளிதில் கிடைக்கவில்லை. 1977க்குப் பின் ஜப்பானியப் பழைய எஞ்சின்கள் வந்து குவிந்தன. பெற்றோலை வெள்ளம்போல் குடித்த 2,286 கனசென்டிமீட்டர் எஞ்சினைத் தூக்கி எறிய அதுவே வழியாயிற்று. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓட்டை வண்டிகளும் பொக்கிஷமாயின.

இந்த நெருக்கடிகள் ஒவ்வொன்றிலும் வண்டியை ஓட வைத்தவர்கள் யார்? பெயரற்ற கராஜ் தொழிலாளர்கள். புத்தகம் படித்தல்ல, கைப்பழக்கத்தால் அளவு கண்டு, கடைசலில் தண்டு கடைந்து, லொறியின் பாகத்தை ஜீப்புக்குப் பொருத்தி, தகட்டை அடித்து நிமிர்த்தி அதைக் காப்பாற்றினார்கள். ஆனால் இன்று கண்காட்சிக்கு வண்டி புதுப்பிக்கும் கனவான் முதலில் அகற்றச் சொல்வது எதை? அந்தக் கைவேலைகளைத்தான். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கு என்கிறார். சொலிஹல் தொழிலாளி பூட்டிய ஆணி ‘அசல்’. பதுளைத் தொழிலாளி வைத்த ஒட்டு ‘பழுது’. அறுபது ஆண்டு உழைப்பு துடைக்கப்பட்டு, ஊவாவின் கை ஒன்றும் படாத நாளுக்கு வண்டி திரும்புகிறது. இதைத்தான் சரித்திரத்தைப் பேணுதல் என்கிறார்கள்!

இந்தப் பேணுதல் எவ்வளவு தெரிந்தெடுத்து மறக்கிறது என்பதற்கு இலக்கத் தகடு ஒன்றே போதும். அக்கால வண்டிகளில் உள்ள ‘ஸ்ரீ’ எழுத்துத் தகட்டுக்கு இன்று தனி மதிப்பு; அதைக் கழற்ற உரிமையாளர் உடன்படார். 1958இல் அந்த ஒற்றை எழுத்தின்மேல் வடக்கிலும் கிழக்கிலும் தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசிக்கொண்டன. தார்ச் சட்டி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதைப் பழமையின் அழகென்று ரசிக்கக்கூடும். ரசிப்பதில் குற்றமில்லை, தெரிந்து ரசித்தால் நன்று.

எனவே எஞ்சின் மாற்றுவதை நான் குறை கூறவில்லை. தூய்மைவாதிகளைவிட மாற்றியமைப்போர் பக்கமே நியாயம் அதிகம். பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறுகிறவனுக்கு வண்டி என்பது ஏறுகிற வேலை. அந்த வேலை தொடரும்வரை வண்டி தொடர்கிறது. ஆனால் மாற்றத்திற்கும் ஒரு முறை உண்டு. பழைய சட்டகத்தில் வலிய எஞ்சினை ஏற்றினால் அதன் திருகுவிசையைத் தாங்காமல் பின்னச்சின் தண்டு முறியும். இந்த வண்டியில் அது பேர்போன பலவீனம். வேகம் கூடியபின் பழைய பிரேக்கை நம்பி ஹப்புத்தளைச் சரிவில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பு. ஒன்றை மாற்றினால் அதைத் தாங்கும் மற்றதையும் மாற்றவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு சட்டகத்தைத் தட்டிப் பார்க்கவேண்டும். உளுத்த சட்டகத்திற்கு வர்ணம் தீட்டுகிறவனைத் தொழிலாளர் வட்டத்திலேயே மோசக்காரன் என்பார்கள்.

வண்டி ஓடிய பாதையின் இருமருங்கும் வாழ்ந்த மனிதர்களைப் பற்றி இதுவரை பேசவில்லை. ‘அசல்’ என்ற அதே சொல் அவர்கள்மேலும் பிரயோகிக்கப்பட்டது. அதுவும் அந்த 1948ஆம் ஆண்டிலேயே. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்தவன்கூடத் தன் தந்தை இங்கே பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபித்தாலன்றி வம்சாவளிப் பிரஜையாக மாட்டான் என்றது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்ற ஒன்றையே காணாத லயத்து மனிதன் பூட்டனின் பிறப்பை எந்தக் காகிதத்தில் காட்டுவான்? அடுத்த ஆண்டு வந்த சட்டம், இத்தனை ஆண்டு இடைவிடாது வசித்தேன் என்று காட்டுவோருக்குப் ‘பதிவுப் பிரஜை’ என்ற இரண்டாந்தரக் கதவைத் திறந்தது. மலையைத் திருத்தி, தேயிலை நட்டு, பதுளைவரை இரயில் பாதைக்கு வேலை தந்த உற்பத்தியைப் பெருக்கிய மக்கள் நாட்டின் அசல் பாகமாகக் கருதப்படவில்லை. பிற்பாடு பூட்டப்பட்டதாகவே கருதப்பட்டனர். பிற்பாடு பூட்டியதைக் கழற்றலாம் அல்லவா? 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்றும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. மீதி ஒன்றரை இலட்சம் பேரின் பங்கீட்டுக்கு 1974 வரை காத்திருந்தார்கள். நாடற்றவர் என்ற நிலையின் மிச்சத்தை நீக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது.

வண்டிக்கும் தாய்நாடு மாறியது. அதன் கொம்பனி கைமாறிக் கைமாறி 2008இல் இந்தியாவின் டாட்டா குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. அதற்காக எந்த லாண்ட் ரோவரையும் ‘இந்திய வம்சாவளி’ என்று எவரும் அழைத்ததாகத் தெரியவில்லை!

ஒரு வண்டியைப் பற்றிய பேச்சில் மனிதர்களின் துயரத்தை இழுப்பது பொருந்துமா, தன் காசில் ஒருவர் தன் பொழுதுபோக்கை நடத்துவதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். பொழுதுபோக்கைக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. அதில் கையாளப்படும் அளவுகோல் சிறந்தது. அது ஏன் கராஜின் வாயிலோடு நின்றுவிடுகிறது என்பதே கேள்வி. தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. (லாண்ட் ரோவரை உற்பத்தி செய்த பிரித்தானிய லேலண்ட் கொம்பனியும் அதே ஆண்டில் அந்நாட்டு அரசின் கைக்கு வந்தது, சரித்திரத்துக்கும் நகைச்சுவை உண்டு.) 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் சென்றது. எஞ்சின் இருமுறை மாறியது. சட்டகம்? பிரட்டுக்களம் மாறவில்லை, நாட்பேர் மாறவில்லை, கொழுந்து நிறுவையும் அன்றன்றைய கூலியும் மாறவில்லை. 1,000 ரூபாய் நாட்கூலி என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021இல் நிறைவேறியபோது விலைவாசி அதை முந்திக்கொண்டிருந்தது. லயத்தின் காம்பரா இன்றும் பல தோட்டங்களில் அதே பத்தடிக்குப் பன்னிரண்டடி. தலைமுறைகள் மாறியும் சுவர் அதே சுவர். கூரைத் தகரம் மாறும், சுண்ணாம்பு பூசப்படும். அத்திவாரத்தை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. துரைமார் பங்களாக்களோ பழமை குன்றாமல் செப்பனிடப்பட்டு உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகின்றன. அங்கே பழைய கதவின் பிடிகூட அசலாக இருக்கவேண்டும் என்று தேடுகிறார்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. அதாவது சுத்தியலின் ஓசை மந்தமாகக் கேட்டிருந்தது. ஒரு வண்டியில் அந்த ஓசையைக் கேட்டபின்னும் வெளியே அனுப்புகிற தொழிலாளியை நாம் மன்னிக்கமாட்டோம்.

கராஜ்களில் அந்தச் சுத்தியலைப் பிடிப்போரில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எந்த ஓசைக்கு என்ன பொருள் என்பதை அவர்களுக்கு நாம் கற்பிக்கத் தேவையில்லை. அவர்கள் பழுதுபார்க்கும் வண்டிக்கு எஞ்சின் மாறியதும் பதிவுப் புத்தகம் திருத்தி எழுதப்பட்டு உரிமையாளர் பெயரில் வருகிறது. காம்பராவுக்கு அப்படியொரு புத்தகம் கிடையாது. 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டத்தில் வீடு கிடைத்தவர்களிலும் பலர் காணி உறுதிக்காக இன்னும் காத்திருக்கிறார்கள்.