கைக்கடிகாரமும் இரகசியமும்

இனி வரப்போகும் கைக்கடிகாரத்தில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று உங்கள் வீட்டில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பாட்டி, சர்க்கரை அளவைக் காட்டவேண்டும் என்பார். தாய், பிள்ளை பள்ளியில் என்ன செய்கிறான் என்று சொல்லவேண்டும் என்பாள். பிள்ளையோ பரீட்சைக்கு விடை சொல்லவேண்டும் என்பான்! பிள்ளையின் ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மற்ற இரண்டும் அன்பிலும் கவலையிலும் பிறந்தவை. ஆயினும் அவை ஒரே தன்மையுடையனவா?

முன்பெல்லாம் நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். ஸ்மார்ட் வாட்ச் என்னும் புதுக் கடிகாரமோ நம்மைப் பார்க்கிறது. அதன் அடிப்பாகத்தில் பச்சை ஒளி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அதைக் கொண்டு நாடித்துடிப்பு கணக்கிடப்படுகிறது. இதயத் துடிப்பு சீர்கெட்டால் எச்சரிக்கும் கடிகாரங்களும் வந்துவிட்டன. பாட்டியின் ஆசை மட்டும் இன்னும் எட்டவில்லை. குத்தாமலே தானாகச் சர்க்கரை அளவை அறியும் கடிகாரம் எதற்கும் அனுமதி அளிக்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பி யாரும் இன்சுலின் அளவை மாற்றிவிடாதீர்கள்.

இனி தாயின் ஆசைக்கு வருவோம். அது ஏற்கெனவே நிறைவேறி, ஒரு நாட்டில் தடையும் செய்யப்பட்டுவிட்டது. ஜெர்மனியில் 5 முதல் 12 வயதுவரையுள்ள சிறுவர்களுக்கென்று விற்கப்பட்ட சில கடிகாரங்களில், பெற்றோர் தம் கைபேசியிலிருந்தே, அணிந்திருக்கும் பிள்ளைக்கும் தெரியாமல், அவனைச் சுற்றி நடக்கும் பேச்சைக் கேட்கலாம். வகுப்பில் ஆசிரியர் பேசுவதையும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 2017 நவம்பரில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் இவற்றைத் தடைசெய்து, வாங்கிய பெற்றோரே அவற்றை அழித்துவிடவேண்டும் என்று கூறியது.

"பெற்றவளுக்கு இல்லாத உரிமையா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். குருமடத்தில் ஒழுக்க சாஸ்திரம் கற்பிக்கும்போது இரகசியங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வெளிப்பட்டால் பிறருக்குத் தீங்கு வரும் என்பதால் தன் இயல்பாலேயே காக்கவேண்டியது ஒன்று. சொல்லமாட்டேன் என்று வாக்களித்ததால் காக்கவேண்டியது மற்றொன்று. உன்னை நம்பிச் சொல்கிறேன் என்று ஒப்படைக்கப்பட்டது மூன்றாவது. மருத்துவரிடம் நாம் சொல்வது இந்த மூன்றாம் வகை. வகுப்பில் பக்கத்துச் சிறுவன் உங்கள் மகன் காதில், "எங்கப்பா நேற்றும் குடித்துவிட்டு வந்தார்" என்று சொல்கிறானே, அதுவும் அவ்வகையே. அதை அவன் உங்கள் மகனிடம் ஒப்படைத்தான், உங்களிடம் ஒப்படைக்கவில்லை. உங்கள் பிள்ளைமேல் உங்களுக்குள்ள உரிமை, ஊரார் பிள்ளையின் கண்ணீர்வரை நீளாது. சிறு பிள்ளை எங்கே இருக்கிறான் என்று அறிவது வேறு. அதையும் அவனுக்குச் சொல்லிவிட்டே செய்யலாம், செய்யவும் வேண்டும். பின்னால் அவன் கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் உங்களிடம் எதைச் சொல்வான்?

ஆனால் அதே சாஸ்திரம் இன்னொன்றும் சொல்கிறது. கடும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லையானால் ஒப்படைத்த இரகசியத்தையும் வெளியிடலாம். (பாவசங்கீர்த்தன இரகசியம் தனி, அதற்கு எந்த விலக்கும் கிடையாது.) 2018-ல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கடிகாரம், அணிந்தவர் பலமாகக் கீழே விழுந்ததை அசைவைக் கொண்டு அறிகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் அவர் அசையாமல் கிடந்தால் தானே அவசர உதவியை அழைக்கிறது. மகன் துபாயிலும் மகள் சென்னையிலும் இருக்க, தனியே வாழும் தாய் குளியலறையில் விழுந்து கிடந்தால், அவருடைய வாயாக ஒரு கடிகாரம் பேசுவதை யார் குறைகூற முடியும்? அவர் பேச முடியாதபோது அது பேசுகிறது. பேச முடிந்தால் அவரே சொல்லியிருப்பார்.

ஆகவே, செய்வோர் காதில் விழுமோ விழாதோ, என் விருப்பத்தையும் சொல்லிவைக்கிறேன். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகு ஒன்று இருந்ததல்லவா? வரப்போகும் கடிகாரத்தில், என்னைப்பற்றிய செய்தி வெளியே செல்லும் வாசலுக்கு அப்படியொரு திருகு வேண்டும். அதை அணிந்தவரே திறக்கவும் மூடவும் வேண்டும். செய்தி போகும்போதெல்லாம் முகப்பில் ஒரு சிறு விளக்கு எரியவேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கேளாமலே திறக்கட்டும்.

மறதி நோயால் வழிதெரியாமல் வெளியே போய்விடும் முதியவருக்கு இந்தத் திருகு பயன்படாது என்பது உண்மையே. அங்கே, நினைவு தெளிவாயிருந்த காலத்தில் கேட்டிருந்தால் அவர் எதற்குச் சம்மதித்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தே பிள்ளைகள் முடிவுசெய்ய வேண்டும். அவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது மகனுக்குத் தெரியத்தான் வேண்டும். இரவில் எத்தனைமுறை எழுந்தார் என்பதை உறவினர் அனைவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட அவர் ஒருநாளும் இசைந்திருக்கமாட்டார். உங்கள் பெற்றோர் இன்று நல்ல நினைவோடு இருந்தால், எது தெரியலாம், யாருக்குத் தெரியலாம் என்று இப்போதே அவர்களையே கேட்டுவையுங்கள்.