ராபா நூயி மண்ணுக்குக் கடன் உண்டா?

மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று ராபமைசின். 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தை ஆக்குவது மண்ணில் வாழும் ஒரு பற்றீரியா. அது கிடைத்தது ஈஸ்டர் தீவின் மண்ணில். தீவு மக்கள் தம் ஊரை ராபா நூயி என்பர். மருந்தின் பெயரும் அதிலிருந்தே வந்தது. பெயருக்கு மேல் அவர்களுக்கு ஏதேனும் சேரவேண்டுமா என்பதே கேள்வி.

1964 இறுதியில் ஒரு கனடிய மருத்துவக் குழு அங்கு சென்றிறங்கி மக்களைப் பரிசோதித்தது. குழுவிலிருந்த ஜோர்ஜ் நோக்ராடி ஏற்புவலிக் கிருமியைத் தேடிப் பல இடங்களில் மண் எடுத்தார். அம்மண் பின்னர் மொன்றியலில் எயர்ஸ்ட் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போயிற்று. அக்காலத்தில் தீவினர் சிலி நாட்டின் முழுப் பிரஜைகளாகக்கூட இருக்கவில்லை. 1966இல்தான் அவ்வுரிமை கிடைத்தது. பிரஜாவுரிமையே இல்லாதவரிடம் மண்ணுக்கு அனுமதி கேட்க யாருக்குத் தோன்றும்? இது நம்மவருக்கு விளக்கவேண்டிய சங்கதியல்ல.

“மண் சும்மா கிடந்தது, உழைப்புத்தான் மருந்தாக்கியது” என்பார்கள். பெரும்பகுதி உண்மை. அங்கு வேலைசெய்த சுரேன் சேகல் என்ற இந்திய விஞ்ஞானி இல்லாவிட்டால் இம்மருந்தே இல்லை. 1980களின் தொடக்கத்தில் கம்பனி ஆய்வைக் கைவிட்டு மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடியபோது, அவர் அக்கிருமியைப் பொதிந்து தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். பல ஆண்டுகளின் பின் புதிய நிர்வாகத்தை இணங்கவைத்து ஆய்வைத் தொடர்ந்தார். கண்டிப்பான கணக்காய்வாளன் ஒருவன் அதைக் கம்பனிச் சொத்து என்றே எழுதுவான். ஆனால் நாம் அவரைப் போற்றுகிறோம். அவர் விஷயத்தில் சட்டத்தை ஒருபுறம் வைத்து நியாயத்தைப் பார்க்கும் நாம், தீவினர் விஷயத்தில் மட்டும் “சட்டப்படி ஒன்றும் தரவேண்டியதில்லை” என்பது எப்படிப் பொருந்தும்?

2010இல் நகோயாவில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை இத்தகைய பயன்களைப் பகிரவேண்டும் என்கிறது. அது 1964க்குப் பின்னோக்கிச் செல்லாது. மருந்தின் காப்புரிமையும் காலாவதியாகிவிட்டது. கம்பனியும் கைமாறி 2009இல் பைசரிடம் சேர்ந்தது. ஆனால் கணக்கியல் படித்த எவருக்கும் தெரியும்: கம்பனியை வாங்குபவர் சொத்தை மட்டும் வாங்குவதில்லை, பொறுப்புகளையும் சேர்த்தே வாங்குகிறார். நமது கோயில் புத்தகத்தில் உபயகாரர் பெயரில்லாமல் ஒரு சதமும் பதிவதில்லை. இந்த மருந்தின் புத்தகத்தில் முதல் வரவுக்கு எதிரே உள்ள இடம் வெறுமையாகவே கிடக்கிறது. தொகை எவ்வளவு என்று பேரம்பேசலாம். தீவின் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரிவு கட்டிக்கொடுத்தும் தொடங்கலாம். பாக்கியே இல்லை என்று மட்டும் என்னால் கையொப்பமிட முடியாது.