விற்பது விளக்கையா, பெயரையா?

சுவா சூ காங் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குள் சில மாதங்களாக ஒரு தர்க்கம் நடந்து வருகிறது. தர்க்கத்துக்குக் காரணமான சாமான் ஒரு சாண் நீளம்கூட இல்லாத டார்ச் விளக்கு. கறுப்பு அலுமினிய உடம்பு, வாலில் பொத்தான், வாய் விளிம்பில் பல் போன்ற வெட்டு. "டாக்டிக்கல் டார்ச்" என்று கேட்டு வாங்குகிறார்கள். இப்பகுதியில் இராணுவ முகாம்கள் உள்ளபடியால் தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பி வைக்கும் தாய் தகப்பன்மாரும் இதற்கு வாடிக்கை. இரவுக் காவல் வேலை பார்ப்பவர்களும் வாங்குவதுண்டு. அமெரிக்காவின் ஷூர்ஃபயர் கம்பெனியார் செய்யும் அசல் விளக்கு, மாதிரிக்குத் தக்கபடி 200, 300 வெள்ளியும் அதற்கு மேலும் போகும். அதே உருவம், அதே முத்திரை, வரிசை எண்கூடப் பொறித்த போலியோ 30 வெள்ளிக்குக் கிடைக்கிறது. இதை விற்கலாமா, கூடாதா என்பதே தர்க்கம்.

விற்கலாம் என்போர் சொல்லும் நியாயங்கள் இவை. "நாம் மறைத்தா விற்கிறோம்? காப்பி என்று வாயால் சொல்லித்தானே கொடுக்கிறோம்" என்பது ஒன்று. "30 வெள்ளி என்றவுடன் அசல் அல்ல என்பது பச்சைக் குழந்தைக்கும் விளங்கும், விலையே சாட்சி" என்பது இன்னொன்று. "300 வெள்ளி கொடுக்க இயலாத ஏழை இருட்டில் நடக்க வேண்டியதுதானா?" என்பது மூன்றாவது. இவற்றை வெறும் பேராசைப் பேச்சென்று தள்ளிவிட நாம் தயாரில்லை. சொல்பவர்களில் தொழுகை வரிசையில் நம்மைவிட முந்தி நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் சாமானைப் பார்ப்போம். சாமானைப் பாராமல் நியாயம் பேசுவது வியாபாரிக்கு அழகல்ல.

டார்ச் விளக்கின் பலத்தை அளக்க 2009-ஆம் ஆண்டு முதல் எஃப்.எல்.1 என்றோர் அமெரிக்க அளவுமுறை இருந்து வருகிறது. அதன்படி வெளிச்சத்தைப் பொத்தான் அழுத்திய கணத்தில் அளப்பதில்லை. 30 வினாடி கழிந்தபின், இரண்டு நிமிடத்துக்குள் அளக்கவேண்டும். ஏனெனில் எந்த விளக்கும் முதல் மூச்சில் வீரன்தான். எவ்வளவு நேரம் எரியும் என்பதற்கு, ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை கணக்கு. எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு, கால் லக்ஸ், அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவின் அளவு வெளிச்சம் விழும் இடம்வரை கணக்கு. இதில் வியாபாரிக்குக் கைகொடுக்கும் ஒரு சூத்திரம் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் கேண்டலா எண்ணுக்கு வர்க்கமூலம் கண்டு அதை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும். 10,000 கேண்டலா என்றால் 200 மீட்டர். பெட்டியிலுள்ள இரண்டு எண்களும் இக்கணக்குக்கு ஒத்துவராவிட்டால் இரண்டில் ஒன்று பொய்.

நாம் அசலையும் போலியையும் அருகருகே வைத்து எரித்துப் பார்த்தோம். முதல் நிமிடத்தில், உள்ளதைச் சொன்னால், வித்தியாசம் காண்பது கஷ்டம். சுவரில் விழும் வட்டம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருந்தது. போலியின் வெளிச்சம் சற்று நீலம் பாய்ந்திருந்தது, அவ்வளவுதான். நேரம் ஆக ஆகத்தான் கதை வேறாயிற்று. விளக்கின் டையோடு சூடாகும். அந்தச் சூடு உடம்புக்கு இறங்கி வெளியேறவேண்டும். அசலில் டையோடு உட்கார்ந்திருக்கும் உலோகப் பீடம் உடம்போடு இறுகப் பொருந்தியிருக்கிறது. நாம் கழற்றிப் பார்த்த போலியில் அந்தப் பீடம் உள்ளே வெறும் கூடு. சூடு போக வழியின்றி அங்கேயே நிற்க, வெளிச்சம் மங்கிற்று. மரை திருகும்போது மணல் அரைபடுவது போன்ற சத்தம். தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. இரண்டாவது வளையத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள், வளையம் இல்லை. உருவத்தைப் பார்த்து வெட்டியவன் பள்ளத்தையும் வெட்டிவிட்டான். பள்ளம் எதற்கென்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அசலிலும் குறை இல்லாமலில்லை. அதன் பல மாதிரிகள் எரிக்கும் சி.ஆர்.123 என்ற லித்தியம் பாட்டரி பேட்டைக் கடைகளில் சல்லிசாகக் கிடைப்பதல்ல. விலையில் ஒரு பங்கு பெயருக்காகவே வாங்கப்படுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பாட்டரி விஷயத்தைத் தனியே சொல்லவேண்டும். போலிகளோடு வருவது பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் பாட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுள்ள உருளைக்குள் இன்றைய திறமையில் 3,500 மில்லி ஆம்பியர்-மணி அடங்கும். மிஞ்சினால் 4,000-ஐ ஒட்டி. ஆனால் உறையில் 9,900 என்று துணிந்து அச்சிட்டிருக்கிறார்கள். தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல பாட்டரி 45 முதல் 50 கிராம் நிற்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை. பாதுகாப்புச் சில்லு இல்லாத மட்டமான லித்தியம் பாட்டரி அடுக்குமாடி வீட்டில் என்ன செய்யும் என்பது மின்ஸ்கூட்டர் தீ விபத்துகளில் நாம் கண்டதே. அவற்றுக்கு 2020 ஜூலை முதல் யூ.எல்.2272 சான்று கட்டாயமானதும் அதனால்தான்.

நிற்க. இனி நியாயத்துக்கு வருவோம்.

போலி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இங்கே காப்பி அடிக்கப்படுவது ஒன்றல்ல. உருவம் ஒன்று, பெயர் ஒன்று, பெட்டியில் அச்சிட்ட வாக்கு ஒன்று. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால்தான் தர்க்கம் முடிவதில்லை.

உருவத்தைப் பார்த்துச் செய்வதில் நமக்குப் பெரிய குற்றம் தெரியவில்லை. டார்ச் விளக்கு என்றால் உருண்டையாகத்தான் இருக்கும்; கையில் பிடிக்கவேண்டுமே. 1979-ல் மேக்லைட் என்ற விளக்கைக் கொண்டுவந்த ஆந்தனி மேக்லிகாவின் கம்பெனி, தன் விளக்கின் உருவத்தையே ஐரோப்பாவில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொடுக்கும்படி வழக்காடிற்று. லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2004 அக்டோபர் 7-ல் அதை மறுத்துவிட்டது. டார்ச் விளக்குகளுக்கு வழக்கமாக உள்ள உருவத்தைக் கண்ட மாத்திரத்தில் இன்னார் செய்தது என்று ஜனங்கள் அறியமாட்டார்கள் என்பது அதன் சாரம். பெயரைக் குறித்து அந்தத் தடை இல்லை. உருவம் யாரையும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை, பெயர் கூப்பிடுகிறது.

போலியான பொருளெல்லாம் பாவம் என்று சொல்வதும் சரியல்ல. சிதம்பரத்துக் கவரிங் நகையை நம் தாய்மார்கள் அணியவில்லையா? திருச்சியில் பட்டை தீட்டிய செயற்கை வைரக் கற்களை நம்மவர்களே விற்று வாழ்ந்திருக்கிறார்கள். கவரிங் என்ற சொல்லே அதன் பெயராக இருப்பதால் அது எத்தனை கை மாறினாலும் கவரிங்காகவே மாறுகிறது. முத்தின் கதை இன்னும் விசேஷமானது. கீழக்கரைப் பெரியவர்கள் மன்னார் வளைகுடாவின் முத்தை விற்றுப் பேர் பெற்றவர்கள். ஜப்பானின் மிக்கிமோட்டோ 1893-ல் சிப்பிக்குள் மணியிட்டு அரைமுத்து வளர்த்தார்; பிறகு முழு உருண்டையும் வந்தபோது, 1921-ல் லண்டன் முத்து வியாபாரிகள் மோசடி என்று கூச்சலிட்டார்கள். இன்று வளர்ப்பு முத்தை யாரும் மோசடி என்பதில்லை. அதே சிப்பி, அதே பால். "வளர்ப்பு" என்ற சொல்லை விலைச்சீட்டிலிருந்து எடுத்தால்தான் மோசடி. டார்ச் போலியிலோ அந்தச் சொல் எங்கும் இல்லை. கவரிங் நகையின் மேல் "916" என்று முத்திரை குத்தினால் எப்படியோ அப்படி இருக்கிறது இது.

"வாயால் சொல்லித்தானே விற்கிறோம்" என்ற நியாயத்தை இந்த இடத்தில்தான் உரைத்துப் பார்க்கவேண்டும். நாம் சொன்ன சொல் கல்லாப்பெட்டிக்கு இப்பால் நின்றவர் காதோடு போயிற்று. விளக்கில் பொறித்த பெயரோ நிற்காமல் பேசிக்கொண்டிருக்கிறது. தகப்பன் வாங்கி மகனுக்குக் கொடுக்கிறார். காப்பி என்று சொல்லிக் கொடுக்க அவருக்குக் கூச்சம். மகன் சேவை முடிந்ததும் கூட்டாளிக்கு விற்கிறான். மூன்றாம் கையில் இருப்பவன் இருட்டில் அந்தப் பெயரை நம்புகிறான். அவனிடம் நாம் எதுவும் சொல்லவில்லையே! நாம் சொன்ன உண்மைக்கு ஆயுள் ஒரு நிமிடம். நாம் கைமாற்றிய பொய்க்கு ஆயுள் அலுமினியத்தின் ஆயுள். விலை சாட்சி என்பதும் அப்படியே. விலைச்சீட்டு முதல் நாளே குப்பைக்குப் போய்விடுகிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருக்கக் கண்டு, ஜனங்கள் பார்க்கும்படி அதை மேலே போடலாகாதா என்று கேட்ட சம்பவத்தை மதரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த வியாபாரி ஈரமில்லை என்று பொய் சொன்னதாக அதில் இல்லை. மழை நனைத்தது என்று உண்மையையே சொன்னார். அவர் செய்ததெல்லாம் காய்ந்ததை மேலே வைத்ததுதான். டார்ச் விளக்கில் முதல் நிமிடம்தான் மேலே வைத்த காய்ந்த தானியம். ஈரம் இருட்டில்தான் கைக்குப் படும்.

கூஃபா நகரில் துணி வியாபாரம் செய்துவந்த இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் வரலாற்றிலும் ஒன்றைச் சொல்வார்கள். குறையுள்ள துணி ஒன்றைக் குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் அனுப்பினார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார், வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். மறதிக்கே அவ்வளவு என்றால், பொறித்த பொய்க்கு என்ன கணக்கு என்று நாம் யோசிக்கிறோம்.

பெயர் என்பது காற்று, அதை எப்படித் திருட முடியும் என்று கேட்பவர்களுக்கு: 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் ஐந்தாவது அமர்வு, வியாபாரப் பெயரும் வியாபாரக் குறியும் மதிப்புள்ள சொத்துக்கள், அவற்றில் அத்துமீறலாகாது என்று முடிவு கூறிற்று. சிங்கப்பூர்ச் சட்டமோ இன்னும் கறார். பொய்க் குறியிட்ட சரக்கை விற்றாலும், விற்பனைக்கென்று கடையில் வைத்திருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் 10,000 வெள்ளி வரை, மொத்தம் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காப்பி என்று சொல்லி விற்றேன் என்பது இதற்குப் பரிகாரம் ஆகாது. 2012 செப்டம்பரில் வந்த விதிப்படி, விற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழுதுபார்ப்பதோ மாற்றிக்கொடுப்பதோ விற்றவன் பொறுப்பு. செய்தவன் யாரென்றே தெரியாத சரக்குக்கு நாம் ஜாமீன் நிற்கிறோம்!

ஏழையின் நியாயம் மீதமிருக்கிறது. இதுதான் பலமானது. ஆனால் ஏழைக்கு வேண்டியது வெளிச்சம். அமெரிக்கப் பெயர் அல்ல. சீனத்தின் ஷென்சென் நகரிலிருந்து ஃபீனிக்ஸ் போன்ற கம்பெனிகள் சொந்தப் பெயரிலேயே, எஃப்.எல்.1 முறைப்படி அளந்த எண்களோடு, அசல் அமெரிக்க விளக்கைவிட வெகு குறைந்த விலையில் விளக்குகள் செய்கின்றன. சீனச் சரக்கு வேறு, போலிச் சரக்கு வேறு. இந்த இரண்டையும் நம்மவர்கள் ஒன்றாகப் பேசுவது அந்த ஊர்த் தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம். பெயர் தெரியாத 15 வெள்ளி விளக்குக்கூட, தன் 15 வெள்ளி யோக்கியதைக்கு மேல் எதையும் சொல்லிக்கொள்ளாத வரையில், கௌரவமான சரக்கே. (பேட்டைக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், தேர்தல் தொகுதிக்கு வேறோர் எழுத்துக்கூட்டல் என்று சுவா சூ காங்கே இரண்டு பெயரில் உலவுகிறது, இரண்டும் அசல்தான். அந்தச் சலுகை விளக்குக்கு இல்லை.)

பெயர் தெரிந்த இடத்தில்தான் வியாபாரம் இருக்கிறது. நம்மவர்கள் கடனுக்குச் சரக்கு வாங்குவதும் கொடுப்பதும் இன்னார் கடை என்ற ஒரு சொல்லின் பேரில்தானே. நம் கடைப் பெயரை வேறொருவன் பலகையில் எழுதி நாலு புளோக் தள்ளி மட்டச் சரக்கு விற்றால் நாம் என்ன செய்வோம்? சும்மா இருக்கமாட்டோம். அதுவும் இந்த ஊரில் புதிதாக அடக்கம் செய்ய மிஞ்சியிருக்கும் இடம் சுவா சூ காங்தான். அங்கும் 1998 முதல் கபுருக்குத் தவணை 15 ஆண்டு. மண்கூடக் குத்தகைக்குத்தான் கிடைக்கிறது, பெயர் ஒன்றே சொந்தம்.

கையிருப்பில் உள்ள போலிகளை என்ன செய்வதென்று ஒரு நானா கேட்டார். முத்திரையை அரம் வைத்துத் தேய்த்துவிட்டு 15 வெள்ளிக்குப் போடலாமா என்பது அவர் கேள்வி. தேய்த்தால் பெயரின் பொய் போகும். பெட்டியின் எண்ணும் பாட்டரியின் எண்ணும் போகா. அத்தோடு, தேய்க்கும்வரை அதைக் கடையில் வைத்திருப்பதே சட்டத்துக்கு விரோதம். கொடுத்த மொத்த வியாபாரியிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் முதல் வழி. அவர் மறுத்தால் நஷ்டத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அனாதை இல்லத்துக்குத் தர்மமாகக் கொடுத்துவிடலாமே என்றும் நானா யோசனை சொன்னார். இமாமவர்கள் தர்மம் செய்தது காசை. துணியை அல்ல என்று சொன்னோம். விளக்குகளை உடைத்துவிட்டு, பாட்டரிகளை முனைகளில் நாடா ஒட்டி, 2021 ஜூலை முதல் நடந்துவரும் மின்னணுக் கழிவுத் திட்டத்தின் பெட்டியில் போடலாம். நானா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.