நூற்றில் ஒரு பங்கு விநாடி



1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம், இறுதிப் போட்டி. நம்ம பக்கத்து கேரளாவில் பய்யோலியிலிருந்து போன பி.டி. உஷா ஓடுகிறார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 விநாடி. உஷாவுக்கு 55.42. இமை கொட்டுகிற நேரம்கூட இதைவிட அதிகம்! வெண்கலம் போச்சு.

எங்கே போச்சு? பத்து தடையையும் தாண்டிவிட்டார். கோட்டுக்கிட்ட வந்தபோது மார்பை முன்னே நீட்டாமல் விட்டார். அங்கே காலையோ தலையையோ கணக்கில் எடுக்கமாட்டார்கள், நெஞ்சுப்பகுதி கோட்டைத் தொடணும்.

பிலிப்பியர் 3:13-ஐ எடுத்து வாசியுங்கள். பவுல் எழுதின கிரேக்கச் சொல்லுக்கு, ஓடுகிறவன் உடம்பை முன்னே நீட்டி எட்டுவது என்று அர்த்தம். அதே வசனத்தில் பின்னானதை மறப்பதும் இருக்கிறது.

உஷா அழுதுகொண்டு உட்காரவில்லை. 1985 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 5 தங்கம். 1986 சியோலில் 4 தங்கம். இரண்டிலும் அதே தடை ஓட்டத்திலும் தங்கம், அல்லேலூயா! ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை மறைத்துப் பிரசங்கம் பண்ண எனக்கு மனசில்லை.

நம்ம சபையில் ஒரு சகோதரி. புருஷன் குடியை விடணும்னு ஏழு வருஷமா உபவாசம். போன மாசம், "இனி முடியாது பாஸ்டர்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. தங்கச்சி, இதை வாசிச்சா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வாம்மா. இந்த வாரம் நீ சாப்பிட்டுட்டே வா. உனக்காக நாங்க உபவாசம் இருக்கோம்.