உடம்பைப் பேணுவது யாருக்காக?

போன மாசம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தம்பிக்கு 22 வயசு. சிவகாசிப் பக்கம் ஒரு பயராபீசில் வேலை. அவன் கேட்டது இதுதான்: "அண்ணே, மாசம் முன்னூறு ரூபா என் மூஞ்சிக்கும் கைக்கும் செலவழிக்கேன். சோப்பு, கிரீமு, வெயிலுக்குப் பூசுறதுன்னு. எங்கம்மா, பொம்பளை மாதிரி மினுக்குறான்னு வையுது. சங்கத்துக்காரங்க, கூலி கேக்க வேண்டிய நேரத்துல கண்ணாடி பாக்குறியேங்குறாங்க. இது தப்பாண்ணே?"

பதில் சொல்ல எங்கய்யாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கய்யா 26 வருசம் பயராபீசில் உழைத்தவர். வெளியூர்க்காரர்கள் பட்டாசுத் தொழிற்சாலை என்பார்கள். எங்கள் பக்கம் அது பயராபீசு, தீப்பெட்டிக் கம்பெனி தீப்பெட்டி ஆபீசு. ஆபீசு என்று பேர் இருக்கிறதே தவிர எங்கள் ஆட்களுக்கு நாற்காலி கிடையாது. அய்யாவுக்கு மருந்து கலக்குற வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் சலித்துக் கையால் கலக்க வேண்டும். உரசினால் பொறி வரும் என்பதால் நைலான் சட்டை கூடாது, பருத்திதான். அலுமினியப் பொடி மாவைவிட நைசு. வியர்வையோடு சேர்ந்து கைரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் காது மடலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி மினுங்குவார். சின்னப் பிள்ளையில் எனக்கு அது அழகாகத் தெரிந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அது மருந்துக்காகவா, சாதிக்காகவா என்று இன்றைக்கு வரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வந்ததும் குளிக்கணுமே. எங்களுடையது கரிசக்காட்டு ஊர். காலனிக்கு ஒரே ஒரு அடிகுழாய், கோடையில் அதிலும் காற்றுத்தான் வரும். ஊர்க்கிணற்றில் நாங்கள் வாளி போட முடியாது. யாராவது இரக்கப்பட்டு இறைத்து ஊற்றினால் உண்டு. அம்மா சேர்த்து வைத்த ரெண்டு குடத்தில் ஒன்றை வெந்நீர் போட்டுக் கொடுக்கும். தேங்காய் எண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்ப்பார். தோல் உரிந்து எரியும், பொடி போகாது. மறுநாள் காலையில் அந்தப் புண்ணோடுதான் திரும்பவும் மருந்துக்குள் கையை விடுவார்.

தண்ணியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அழுக்குப் பயலுகள் என்று சொல்வது இந்த நாட்டில் பழைய தந்திரம். முதலில் அழுக்கை ஒருத்தன் மேல் ஏற்று, கழுவுகிற வழியை அடை, பிறகு அந்த அழுக்கையே காரணமாகக் காட்டித் தள்ளி வை. மனு இதைச் சட்டமாகவே எழுதி வைத்தது. சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்கணும், பிணத்தின் துணியை உடுத்தணும், உடைந்த பாத்திரத்தில் உண்ணணும், இரும்பில்தான் நகை போடணும். ஒருவன் தன் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பது அவன் சொந்த விசயம் என்று நாம் நினைக்கிறோம். அப்படியென்றால் அதற்கு எதற்கு இத்தனை விதிகள்?

மகத் போராட்டத்தை இப்படியும் பார்க்கலாம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அதே வருசம் டிசம்பர் 25 அன்று அதே மகதில் மனுஸ்மிருதியை எரித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வந்த பெண்களிடம் அம்பேத்கர் உடையைப் பற்றியும் நகையைப் பற்றியும் பேசினார். இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கிற மாதிரிச் சேலை கட்டாதீர்கள், அடையாளமாகச் சுமக்கிற வெள்ளி நகைகளை விடுங்கள், சுத்தமாக இருங்கள் என்றார். தண்ணீர், மனு, சேலைக்கட்டு மூன்றும் அவருக்கு ஒரே போராட்டமாக இருந்தன.

அவருக்கே அது சின்ன வயசில் பட்ட காயம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்புகளில் சாத்தாராவைப் பற்றிச் சொல்கிறார். ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள், கூலி கொடுக்க வீட்டில் காசும் இருந்தது. ஆனாலும் தீண்டப்படாதவர் தலையில் கை வைக்க யாரும் வரவில்லை. அவருடைய அக்காதான் தம்பிமாருக்கு முடி வெட்டிவிட்டார்.

1921 செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில் வைத்துக் காந்தி மேலாடையைக் கழற்றினார். அம்பேத்கர் கோட்டு மாட்டினார். கழற்றிப் போடச் சட்டை வைத்திருந்தவருக்குத்தான் அது தியாகம். சட்டை போட்டால் அடி விழும் என்ற தெருவில் பிறந்தவனுக்குப் போடுவதுதான் போராட்டம்.

எங்கள் கதையும் சாத்தாரா கதைதான். ஊருக்குள் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது, எங்களுக்கு வெட்டமாட்டார். அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, எங்களுக்கு வெட்டினால் ஊர்க்காரர்கள் அவருக்குக் கொடுக்கிற தவசத்தை நிறுத்திவிடுவார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தாகிவிட்டது என்கிறது. 1955இல் வந்த சட்டம் இப்படி மறுப்பது குற்றம் என்கிறது. எங்களுக்குப் பெரியப்பாதான் புளிய மரத்தடியில் உட்காரவைத்து வெட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் அந்த வெட்டைப் பார்த்தே எந்தத் தெரு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தாவது படிக்கும்போது காசு சேர்த்து சிவகாசி டவுனுக்குப் போய் ஒரு சலூனில் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் அல்லாத ஒருவரின் கை என் தலையில் பட்டது அன்றைக்குத்தான். கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போதே "எந்த ஊர்ப்பா, எந்தத் தெரு?" என்று கேட்டார். நான் வேறு தெருவைச் சொன்னேன். அந்தப் பொய் இன்றைக்கும் பிடரியில் உறுத்துகிறது.

ஆகவே நம் ஆட்கள் தலை சீவுவதையும் மீசை வைப்பதையும் வெறும் மினுக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 2017இல் குஜராத்தில் காந்திநகர் பக்கம் லிம்போதரா என்ற ஊரில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்களை அடித்தார்கள். அந்த மாநிலத்தில் நூற்றுக்கணக்கான நம் பிள்ளைகள் தங்கள் மீசையைப் படம் பிடித்து வெளியிட்டுத்தான் பதில் சொன்னார்கள். தம்பியின் சங்கத்துக்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். கூலி கேட்க நிமிர்ந்து நிற்கணும். தன் உடம்பைப் பார்த்துத் தானே கூசுகிறவன் எப்படி நிமிர்வான்?

இத்தோடு முடித்தால் தம்பிக்குப் பாதிப் பதில்தான். அவன் பையிலிருந்த டியூப்களில் ஒன்றைப் பார்த்தேன், சிவப்பழகு கிரீம். இந்தக் காயம் எனக்கும் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்.

1996இல் பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு மருந்துக் கடையில் டியூப் ஒன்று வாங்கினேன். பத்து நாளில் முகம் வெளுத்தது, சந்தோசப்பட்டேன். மூணு மாசத்தில் வெயில் பட்டாலே எரிந்தது, கன்னத்தில் ரத்த நாளம் நூல் மாதிரி தெரிந்தது. விட்டால் கொப்புளம், போட்டால் எரிச்சல். மதுரையில் ஒரு தோல் டாக்டரம்மா டியூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கு. படைக்கும் அரிப்புக்கும் கொஞ்ச நாள் போடுற மருந்து. தோலை மெலிய வச்சுரும். உங்க தோல்ல என்ன குறைன்னு இதைப் போட்டீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. கறுப்பு ஒரு வியாதி என்று எனக்கு யார் சொன்னது? 2018 மார்ச்சில்தான் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

சொன்னவர்கள் பல பேர். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் கடைக்கு வந்தது. ஆம்பளைகளுக்கென்று ஃபேர் அண்ட் ஹேண்ட்சம் 2005இல் வந்தது. சிவப்பானால் வேலை கிடைக்கும், பெண் கிடைக்கும் என்று விளம்பரம் சொன்னது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்று உலகமே நிறவெறியைப் பேசியபோது ஃபேர் என்ற சொல்லை எடுத்துவிட்டு க்ளோ என்று மாற்றினார்கள். பேர் மாறியது, ஆசை அப்படியே இருக்கிறது. நம் சிவகாசிக்கும் இதில் பங்கு உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் வழி வந்தவர்களும் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் எங்கள் மண்சுவரில் காலண்டராகத் தொங்கின. முருகன் ரோஜா நிறம், லட்சுமி ரோஜா நிறம், பேரிலேயே கறுப்பு இருக்கிற கண்ணனுக்கும் நீலம்தான். எங்கள் எல்லைச்சாமிக்குப் பேர் கருப்பன். அவரைப் பார்க்க ஊருக்கு வெளியேதான் போக வேண்டும்.

தோலில் இருக்கிற மெலனின் என்ற நிறமிதான் கறுப்பு. வெயிலின் புற ஊதாக் கதிரை அது கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது. கரிசக்காட்டு வெயிலில் அது நமக்குக் கவசம். பொடியைக் கழுவலாம், கறுப்பைக் கழுவ முடியாது, கழுவவும் தேவையில்லை. ரெண்டையும் ஒன்று என்று நம்பவைத்ததுதான் சாதியின் வேலை. டியூப் விற்கிறவன் அந்த நம்பிக்கையை வைத்துக் காசு பார்க்கிறான். வெடிப்புக்கு எண்ணெய் தடவுவது உடம்பின் மேல் அன்பு. நிறத்தைக் கொல்ல களிம்பு தடவுவது, நம்மை வெறுத்தவனின் கையை நாமே நம் முகத்தில் வைத்துக்கொள்வது.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது, அது நம் பக்கத்துக் குற்றம். அய்யாவுக்கு வெந்நீர் போட்ட அம்மாவும் பகல் முழுக்கத் தீப்பெட்டி ஆபீசில் இருந்துதான் வந்திருக்கும். அம்மா விரலும் வெடித்துத்தான் இருக்கும். அம்மாவுக்கு வெந்நீர் போட்டது யார்? எனக்கு ஞாபகம் இல்லை, ஏனென்றால் யாரும் போடவில்லை. எங்கள் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். ஊர் எங்களை வாடா போடா என்றது, நாங்கள் அந்தப் பெரியவரை வாடா போடா என்றோம். சாயங்காலம் சோறு வாங்க வாசலில் நின்ற அந்த வீட்டுப் பெண்ணைக் காக்கவைத்தோம். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' அந்த வாழ்க்கையை எழுதியபோது நம்மிலேயே பல பேருக்குக் கோபம் வந்தது. எனக்கும்தான் வந்தது. திரும்பப் படித்தபோது வாசலில் நின்ற அந்தப் பெண் முகம்தான் வந்தது. நம் வெள்ளைச் சட்டை இன்னொருத்தரின் குனிந்த முதுகில் வெளுத்தது என்றால், அதில் என்ன சுயமரியாதை?

தம்பி, இப்போது உனக்கு. நீ உன் உடம்பைப் பார்ப்பது தப்பில்லை. உன் அம்மா சொல்கிற மாதிரி அது பொம்பளை வேலையும் இல்லை. சிவப்பாக்குற டியூப்பை மட்டும் தூரப்போடு. அரிப்போ புண்ணோ இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டு. மிச்சக் காசில் எண்ணெய் வாங்கு, அம்மா கைக்கும் சேர்த்து வாங்கு. உன் வெந்நீரை நீயே போடு, உன் சட்டையை நீயே துவை.

ஒரு கணக்கும் போட்டுப் பார். உன் 300 ரூபாயில் சோப்புக்கும் கைக்கிரீமுக்கும் போகிற காசு ஆபீசு கொடுத்திருக்க வேண்டியது. 1948ஆம் வருசத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42ஆம் பிரிவே தொழிலாளி கைகால் கழுவப் போதுமான வசதி இருக்க வேண்டும் என்று சொன்னது. கையுறை, சோப்பு, தண்ணீர், வேலை முடிந்து குளிக்க ஒரு அறை. இதைக் கூலியோடு சேர்த்துக் கேட்கச் சொல்லு. சங்கத்துக்காரர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்த இடத்தில் இந்தக் கோரிக்கை இருக்கிறது. நானும் அங்கேதான் சிரித்தேன்.

அய்யா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்கு நகம் வெட்டி, வெந்நீரில் துடைத்து, எண்ணெய் தேய்த்துவிட்டேன். வேலையை விட்டுப் பத்து வருசம் ஆகியிருந்தது, பொடியெல்லாம் எப்போதோ போய்விட்டது. உள்ளங்கை மட்டும் மரத்துப் போய்ச் சொரசொரவென்று இருந்தது. "போதும்டா, கூசுது" என்றார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறு ஞாயிறு நான் போனபோது எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார்.