சிலுவைக்கு அப்பால்

கண்டதைக் கண்டதென்று சொல்வது எளிது. கேட்டதைக் கேட்டதென்று சொல்லத்தான் மனம் வேண்டும்.

வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயரான கேப்டன் ஜான் ஸ்மித் 1608-இல் ஒரு திறந்த படகில், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு செசபீக் விரிகுடாவையும் அதில் வந்து விழும் ஆறுகளையும் அளந்தார். 1612-இல் அச்சான அவருடைய வர்ஜீனியா வரைபடத்தில், ஆறுகளின் தலைப்பக்கம் சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள் இருக்கின்றன. சிலுவை வரை அவர் நேரில் பார்த்தது. அதற்கு அப்பால் உள்ளது அந்த மண்ணின் மக்கள் சொல்லித் தெரிந்தது.

தன் வீரத்தைச் சொல்லும்போது கை தாராளமான மனிதர் அவர். பழங்குடித் தலைவரின் மகள் போகஹாண்டஸ் தன் உயிரைக் காத்ததாக அவர் எழுதியதை வரலாற்றாசிரியர்கள் பலர் இன்றும் ஐயத்தோடுதான் படிக்கிறார்கள். அந்த மண்ணின் பவ்ஹாட்டன் மக்களிடம் சோளத்தை மிரட்டி வாங்கியவரும் அவரே. ஆனால் ஆற்றை வரையும்போது அந்தக் கை அடக்கமாக நின்றது. நாம் பேசும் செய்திகளில் எத்தனைக்கு இப்படி ஒரு குறி போடுகிறோம்?

நேர்மையான வரைபடம் நியாயமான கைகளில்தான் சேரும் என்பதில்லை. அடுத்தடுத்து வந்த குடியேறிகளுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. சிலுவைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நம்பிச் சொன்னவர்களின் ஊர்ப்பெயர்கள் தாளில் தங்கின. ஊர்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கையைவிட்டுப் போயின.