வாலில் ஒரு மிளகளவு கறுப்பு

உங்கள் கையில் ஒரு சின்ன இடுக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒரு ப்ளாஸ்டிக் விமானம். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை 14 சென்டிமீட்டர்கூட வராது. மெஸ்ஸர்ஷ்மிட் 109. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிரதான சண்டை விமானம். 33,000-க்கும் மேல் செய்து தள்ளினார்கள். அதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல் இது. ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பெயிண்ட்டும் அடித்தாகிவிட்டது. பாக்கி, வாலில் ஒட்டவேண்டிய ஸ்வஸ்திக். ஒரு மிளகளவுதான். ஒட்டலாமா?

'இதுக்கெல்லாமா ஒரு கட்டுரை?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாடல் செய்கிறவர்கள் இதற்காக வருஷக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

அவர்களுடைய சிரத்தை லேசுப்பட்டதல்ல. பழைய ஜெர்மன் விமானத் துறை ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்திருந்தது. 74 பச்சை கலந்த சாம்பல், 75 ஊதா கலந்த சாம்பல், 76 வெளிர் நீலம். போரின் நடுப்பகுதியில் மேலே முதல் இரண்டு, அடியில் மூன்றாவது. அந்த 75-இல் ஊதா எவ்வளவு என்பதில் இன்றுவரை தகராறு. சாட்சி சொல்ல பெரும்பாலும் கறுப்பு வெள்ளை போட்டோக்கள்தான். அதிலும் சில வகை ஃபிலிமில் மஞ்சள் கறுப்பாகவே விழும். ஒரு நிழலை வைத்துக்கொண்டு, மூக்கு மஞ்சளா வேறு நிறமா என்று பட்டிமன்றம் நடத்துவார்கள்.

யோசித்தால் இந்த வண்ணப்பூச்சே விசித்திரமான சமாச்சாரம். எதிரி கண்ணில் படக்கூடாது, அதனால் சாம்பல். ஆனால் நம்மாள் தப்பாகச் சுட்டுவிடக்கூடாதே, அதனால் ரஷ்யப் போர்முனையில் பளீரென்று மஞ்சள் பட்டை, வட ஆப்பிரிக்காவில் வெள்ளைப் பட்டை. போதாததற்கு, வாலில் வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோடு. பால்காரர் கணக்கு மாதிரி. எரிக் ஹார்ட்மன் என்ற விமானியின் கணக்கு 352. உலகில் இன்றுவரை அதுதான் ரெக்கார்டு. ஒளியவும் வேண்டும், பீற்றிக்கொள்ளவும் வேண்டும்!

அந்தக் கோடுகளை ஒட்ட யாரும் யோசிப்பதில்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அநேகமாக ஓர் ஆள் செத்திருக்கிறான். தயக்கமெல்லாம் ஸ்வஸ்திக்கிடம்தான்.

நமக்கு அந்தச் சின்னத்தோடு வேறு உறவு. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் போடுகிற தேசம். சமணர்களுக்கும் அது புனிதம். ஃபின்லாந்து விமானப்படைகூட, நாஜிகளுக்கு முன்பே, 1918-லேயே நீல ஸ்வஸ்திக்கை எடுத்துக்கொண்டது. 1943-இல் இதே 109-ஐ ஜெர்மனியிடம் வாங்கி, அந்த நீலச் சின்னத்தைப் போட்டுப் பறந்தார்கள். ஒரே விமானம், ஒரே மாதிரி கோடுகள், கதை வேறு. இதைச் சொல்லி, 'அது வெறும் சின்னம் சார்' என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது செல்லாத வாதமாகப் படுகிறது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் வாலில் இருந்தது நம் வீட்டுக் கணக்கு நோட்டின் சின்னம் அல்ல.

ஜெர்மனியில் அதன் தண்டனைச் சட்டம், பிரிவு 86ஏ, நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டத் தடை போடுகிறது. வரலாறு, கலை, ஆராய்ச்சி, பாடம் இவற்றுக்கு விலக்கு. பொம்மை விமானத்தை அந்த விலக்கில் சேர்க்க முடியுமா? கம்பெனிகள் எதற்கு வம்பு என்று, பெட்டிப் படத்தில் வாலை வெறுமையாக விட்டுவிடுகின்றன. சிலர் சின்னத்தை இரண்டு துண்டாக அச்சடித்துத் தருகிறார்கள். இணைத்து ஒட்டுவது உங்கள் பொறுப்பு, உங்கள் பாவம்.

என் கட்சி, சட்டம் தடுக்காத ஊரில், ஒட்டத்தான் வேண்டும் என்பது. அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? மஞ்சள் மூக்கும் வழவழப்பான உடம்புமாக ஓர் அழகான இயந்திரம். யாருக்காகப் பறந்தது என்பது போய்விடும். நீங்களும் நிம்மதியாக ரசிக்கலாம். அந்த நிம்மதிதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பலமான கேள்வி இருக்கிறது. அந்த முகாம்களில் தாத்தாவைப் பறிகொடுத்த ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால்? உங்கள் வரலாற்று நேர்மை உங்களுக்கு. வரவேற்பறை ஷெல்ஃபில் அவர் கண்ணில் படுவது அந்த மிளகளவு கறுப்பு மட்டும்தான். இதற்கு என்னிடம் முழுசான பதில் இல்லை. வரவேற்பறையில் வைக்காதீர்கள் என்பேன். அல்லது, வைத்தால் பேசத் தயாராக இருங்கள்.

என்ன பேசுவது? பவேரியாவில் ஃப்ளோசன்பர்க் என்று ஒரு வதைமுகாம். முதலில் கருங்கல் குவாரியில் கைதிகளை வதைத்தார்கள். 1943 முதல் ஆயிரக்கணக்கானவர்களை ஷெட்டுகளுக்கு மாற்றி, இதே 109-க்குப் பாகங்கள் செய்யவைத்தார்கள். பட்டினியோடு ரிவெட் அடித்த தகடுகள். 1945 ஏப்ரல் 23-ஆம் தேதி அமெரிக்கப் படை உள்ளே நுழைந்தபோது, நடக்கத் தெம்பில்லாதவர்கள்தான் முக்கியமாக மிச்சம். மற்றவர்களை அதற்குள் சாவு நடைக்குக் கிளப்பிக்கொண்டு போயிருந்தார்கள். 75-ஆம் நம்பர் சாம்பலில் ஊதா எவ்வளவு என்று தேடிய சிரத்தையில் கொஞ்சம் இங்கேயும் செலவிடலாம்.

ஷெல்ஃபைப் பார்த்து யாராவது, 'அழகா இருக்கே, என்ன விமானம்?' என்றால், மூக்கின் மஞ்சளில் ஆரம்பித்து ஃப்ளோசன்பர்க் வரை சொல்ல ஒரு பத்து நிமிஷம் ஆகும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்பிட்ஃபயர் செய்யலாம். அதுவும் நல்ல விமானம்தான்.